நெடுநடையும் இன்சுலினும்: கதிர்காமப் பாதை வழியே ஒரு வரலாறு

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் கடலை ஒட்டி அமைந்த ஊர் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் இது. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் தங்கிப் போகும் இடங்களில் இங்குள்ள கண்ணகை அம்மன் ஆலயமும் ஒன்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக வாரக்கணக்கில் நடந்து காரைதீவை அடைகிறது. இங்கிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாகவே இறங்கி உகந்தை மலை முருகன் கோயிலைச் சேர்கிறது. உகந்தைக்கு அப்பால் ஊர் இல்லை. குமண, யால காடுகளுக்குள் ஐந்தாறு நாள் நடந்து மாணிக்க கங்கைக் கரையில் கதிர்காமத்தை அடைய வேண்டும். ஆடிவேல் விழாவின் கொடியேற்றத்துக்கு முன் போய்ச் சேர்வது மரபு.

இந்தப் பாதை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விதமாக உயிரைச் சோதித்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாத்திரைக் கூட்டங்களோடு வாந்திபேதியும் நடந்தது. அதனால் குடியேற்ற அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப், கதிர்காமத் திருவிழாவில் ஒழுங்கு காக்கும் பொறுப்பையும் வகித்தவர். பின்னாளில் வீதிகளும் பேருந்துகளும் வந்தபோது நடப்போர் தொகை குறைந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய பின் நெடுநடை தடைப்பட்டு, 1988இல் கதிர்காம பக்தர் அறக்கட்டளையின் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் நாள்களில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே இறங்குகின்றனர்.

இன்றைய சோதனை வேறு. நடப்போரில் சீனி வருத்தம் உள்ளவர்களும் இருக்கின்றனர். அவர்களில் சிலர் தினமும் இன்சுலின் ஊசி போட்டு வாழ்பவர்கள். நாளுக்கு அரை மணி நேரம் நடக்கச் சொல்லும் கிளினிக் அறிவுரை, நாளுக்கு ஆறேழு மணி நேரம், பல நாள் தொடர்ந்து நடப்பவருக்கு அப்படியே பொருந்தாது. நடை சீனியைக் குறைக்கும் என்பது பழைய அறிவு. ஊசி போடுபவருக்கு அது ஆபத்தாகும் அளவுக்கும் குறைக்கும் என்பது கடந்த நூறாண்டுகளில் படிப்படியாகக் கற்ற அறிவு.

பழைய மருத்துவர்கள் விதித்த நடை

சுசுருத சங்கிதை நீரிழிவை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று பிறவியோடு வருவது. அதனால் பீடிக்கப்பட்டவர் மெலிந்து, வறண்டு, தாகத்தால் வாடுவார். மற்றது தகாத உணவாலும் உடல் உழைப்பின்மையாலும் வருவது. அவர் பருத்திருப்பார், நிறைய உண்பார், படுக்கையையும் இருக்கையையும் விரும்புவார். முதல் வகையினருக்கு உணவும் பானமும் மருந்தும் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்றும், இரண்டாம் வகையினரின் உடலைக் குறைக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது.

அதே நூலின் சிகிச்சைப் பகுதியில், பொருளும் சுற்றமும் அற்ற நோயாளிக்கு ஒரு வழி கூறப்படுகிறது. செருப்பும் குடையும் இன்றி, பிச்சை ஏற்று உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், முனிவரைப் போல் நூறு யோசனைக்குக் குறையாமல் நடக்க வேண்டும் என்பது அந்த வழி. கதிர்காம அடியார்களின் பழைய ஒழுக்கமும் இதற்கு மிக நெருக்கமானது: வெறுங்கால், பிச்சை உணவு, நாள்தோறும் வேறு தங்கல். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று கொள்ள இடமில்லை. ஆனால் நோய்க்கு மருந்தாக விதிக்கப்பட்ட வாழ்க்கையும் நேர்த்திக்காக ஏற்ற வாழ்க்கையும் உடலிடம் ஒரே வேலையைக் கேட்டன.

அந்த மருந்து யாருக்குப் பலித்திருக்கும் என்பதை இன்றைய அறிவு கொண்டு சொல்லலாம். சதையியில் (கணையத்தில்) இன்சுலின் சுரப்பு எஞ்சியிருந்து, உடல் அதற்குச் சரியாக இணங்காத பருத்த நோயாளிக்கு நீண்ட நடை நன்மை செய்திருக்கும். சுரப்பே அற்றுப்போன மெலிந்த நோயாளி, ஊசி இல்லாத அக்காலத்தில், நடந்தாலும் கிடந்தாலும் நெடுநாள் பிழைத்திருக்க மாட்டார்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் உடல் உழைப்பை வற்புறுத்தியவர் பாரிஸ் மருத்துவர் அப்போலினேர் பூஷார்தா. 1870–71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு உணவு பங்கிடப்பட்டபோது, அவருடைய நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சீனி மறைந்தது. தசைதான் சீனியை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு நேரடிச் சான்று 1887இல் கிடைத்தது. ஷோவோ, கோஃப்மன் ஆகிய இருவரும் குதிரை தீனி மெல்லும்போது அதன் முகத்தசைக்குள் போகும் இரத்தத்தையும் வெளிவரும் இரத்தத்தையும் ஒப்பிட்டனர். தசை இயங்கும்போது அது உறிஞ்சும் குளுக்கோசின் அளவு கூடியிருந்தது. 1915இல் நியூயோர்க்கின் பிரடெரிக் அலன் தம் பட்டினிச் சிகிச்சையோடு உடற்பயிற்சியையும் சேர்த்தார். அவருடைய முறை சிறுவர்களின் வாழ்நாளைச் சில மாதங்கள், சில ஆண்டுகள் நீட்டியது. அதற்கு மேல் முடியவில்லை.

ஊசி வந்த பின்

1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அங்கு ஆய்வு செய்த பன்டிங்கும் பெஸ்டும் எடுத்த அந்தச் சாறு போதிய பலன் தரவில்லை. அவர்களோடு பணியாற்றிய கொலிப் தூய்மைப்படுத்திய சாற்றை ஜனவரி 23இல் மீண்டும் செலுத்தியபோதே பலன் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே பன்டிங்குக்கும் ஆய்வுகூடத் தலைவர் மக்லியொட்டுக்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. சாக வேண்டியவர்கள் எழுந்து நடமாடினார்கள். நடமாடியபோது புதிய தொல்லை ஒன்று தலைகாட்டியது: வியர்வை, நடுக்கம், குழப்பம், சில வேளை மயக்கம். இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்ததன் விளைவு அது.

உடற்பயிற்சிக்கும் இந்தத் தாழ்சீனிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் ஆர். டி. லோரன்ஸ். அவரே நீரிழிவு நோயாளி. சாவை எதிர்பார்த்து இத்தாலிக்குப் போயிருந்தவர், இன்சுலின் வந்த செய்தி கேட்டு 1923இல் திரும்பி வந்து உயிர் தப்பினார். உடற்பயிற்சி இன்சுலினின் வேலையைப் பெருக்குகிறது என்று 1926இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் காட்டினார். உடல் உழைக்கும் நாளில் ஊசியைக் குறைக்க வேண்டும், அல்லது மாச்சத்தைக் கூட்ட வேண்டும் என்பது அதன் பயன். இன்சுலின் அறவே போதாத நிலையில் உழைத்தால் சீனி இறங்குவதில்லை என்பதும் அக்காலத்திலேயே தெரிந்திருந்தது.

நோயற்றவர்களிடமும் அதே ஆண்டுகளில் ஒரு பாடம் கிடைத்தது. 1924இல் பொஸ்டன் மரதன் ஓட்டம் முடிந்ததும் ஓடியவர்களின் இரத்தத்தை லெவைன், கோர்டன், டெரிக் ஆகியோர் சோதித்தனர். தளர்ந்து விழும் நிலையில் வந்தவர்களிடம் சீனி மிகவும் தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, ஓட்டத்தின் நடுவே இனிப்பு உண்ணச் செய்ததும் அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் இல்லாமற் போனது. நெடுந்தூர உழைப்புக்கு வழியில் உணவு வேண்டும் என்ற விதி இவ்வாறு சோதனையால் உறுதியானது.

1936இல் டென்மார்க்கின் ஹகெடோர்ன் புரோட்டமினோடு சேர்ந்த நீள்நேர இன்சுலினைக் கொண்டுவந்தார். 1946இல் அவருடைய ஆய்வுகூடம் இன்றும் புழக்கத்தில் உள்ள நடுத்தர நேர இன்சுலினை உருவாக்கியது. ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் காலையில் தோலுக்கடியில் போட்ட மருந்து மாலை வரை வேலை செய்துகொண்டே இருக்கும். வழியில் அதைத் திரும்ப எடுக்க முடியாது, அதற்கு உணவு கொடுத்துக்கொண்டேதான் போக வேண்டும். சீனியை அளக்க அன்று இருந்த வழி சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கி நிறம் பார்ப்பது. உயர்ந்த சீனியை அது காட்டும், தாழ்ந்த சீனியைக் காட்டாது. நடப்பவருக்கு வேண்டிய செய்தி அதில் இல்லை.

தசையும் ஈரலும் ஊசியும்

1970களின் ஆய்வுகள் காரணத்தை விளக்கின. நோயற்ற ஒருவர் நடக்கத் தொடங்கியதும் சதையி இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது, சீனியை உயர்த்தும் குளுக்ககோனைக் கூட்டுகிறது. ஈரல் தன் கையிருப்பிலிருந்து, தசை எடுக்கும் அளவுக்குச் சமமாகக் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே குளுக்கோசை உள்ளே இழுக்கும் வாயில்களைத் திறந்துகொள்கிறது. ஊசி போட்டவருக்கோ இன்சுலின் அளவு தானாக இறங்குவதில்லை. ஈரலின் கதவு மூடியபடி இருக்க, தசையின் வாயில் இரு வழியாலும் திறக்கிறது. சீனி சரிகிறது.

மறுபக்கத்தையும் அக்காலமே தெளிவாக்கியது. 1977இல் மைக்கேல் பெர்கரின் குழு, இன்சுலின் போதாமல், கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீற்றோன் இரத்தத்தில் சேர்ந்திருந்த நோயாளிகள் உடற்பயிற்சி செய்தால் சீனியும் கீற்றோனும் மேலும் ஏறுகின்றன என்று காட்டியது. நடை சீனியை இறக்கும் என்று நம்பி ஊசியை அறவே நிறுத்திவிட்டு நடப்பது இதனால்தான் கொடியது.

1978இல் கொய்விஸ்டோவும் பீலிக்கும் ஊசி போடும் இடத்தை ஆராய்ந்தனர். தொடையில் போட்டுவிட்டுக் காலுக்கு வேலை கொடுத்தால் மருந்து விரைவாக இரத்தத்தில் சேர்ந்தது. வயிற்றிலோ கையிலோ போட்டபோது அந்த வேகம் இல்லை. நடப்பதற்கு முன் தொடையைத் தவிர்த்து வயிற்றில் போடும் வழக்கம் இதிலிருந்து பரவியது. இடத்தை மாற்றினாலும் சீனி இறங்கவே செய்யும், அளவையும் குறைக்க வேண்டும் என்பதைப் பிந்திய ஆய்வுகள் சேர்த்தன.

1970களிலும் 80களிலும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து அளக்கும் கருவி வீட்டுக்கு வந்தது. உழைத்தவர் தாழ்சீனியை முதன்முதலாக எண்ணாகக் கண்டார். 1987இல் அமெரிக்காவின் மக்டொனல்ட், பயிற்சி முடிந்து 6 முதல் 15 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நித்திரையில், தாழ்சீனி வருவதைப் பதிவு செய்தார். பகலில் கரைந்த கையிருப்பைத் தசை இரவு முழுக்க இரத்தத்திலிருந்து எடுத்து நிரப்புவதே காரணம். 2003இல் வன்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. முந்தைய நாள் தாழ்சீனி வந்திருந்தால், மறுநாள் உழைக்கும்போது அதைத் தடுக்கும் உடலின் எதிர்ப்பும் மந்தமாகிறது. ஒரு நாள் ஓட்டத்தைவிடப் பல நாள் நடை கடினமாவது இதனால்.

இந்த அறிவோடு மைதானத்தின் கதவும் திறந்தது. 1997இல் நோய் கண்டறியப்பட்ட வசீம் அக்ரம் இன்சுலின் போட்டபடியே பாகிஸ்தானுக்கு விளையாடி, 2003இல் ஒருநாள் கிரிக்கெட்டில் 500 விக்கெட் வீழ்த்திய முதல் வீரரானார். அதே 1997இல் நோய் தெரியவந்த படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் 2000 ஒலிம்பிக்கில் தம் ஐந்தாவது தங்கத்தை வென்றார்.

2017இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பொது இணக்கம் இந்த நூற்றாண்டு அனுபவத்தை எண்களாகத் தொகுத்தது. புறப்படும்போது சீனி டெசிலீற்றருக்கு 126 முதல் 180 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. 90க்குக் கீழ் இருந்தால் முதலில் 10 முதல் 20 கிராம் குளுக்கோசு எடுக்க வேண்டும். 270க்கு மேல் இருந்தால் கீற்றோனைச் சோதிக்க வேண்டும், அது ஏறியிருந்தால் நடக்கக் கூடாது. நடைக்கு முந்தைய சாப்பாட்டுக்குரிய ஊசியை 25 முதல் 75 வீதம் வரை குறைக்கலாம். நீண்ட உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவைப்படும். ஊசியை முன்கூட்டியே குறைத்து மெதுவாக நடப்பவருக்கு இதைவிடக் குறைவாகவும் போதும். நாள் முழுக்க உழைத்த இரவில் நீள்நேர ஊசியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது வழி. முந்தைய 24 மணி நேரத்துக்குள் கடுமையான தாழ்சீனி வந்தவர் அன்று நடக்காமல் தங்க வேண்டும்.

பாதையில் இந்த விதிகள்

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய நேர, நடுத்தர நேர மனித இன்சுலினும், இரண்டும் 30க்கு 70 என்று கலந்த வகையும். கலப்பு ஊசி போடுபவருக்கு ஒரு பங்கை மட்டும் குறைக்கும் வசதி இல்லை, முழு அளவையே குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கிளினிக்கில் பேசி, ஊரில் இரண்டு மூன்று நீண்ட நடை நடந்து, சீனி எப்படி இறங்குகிறது என்று எழுதிவைத்துக்கொள்வதே முறை. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் தாழ்சீனி வரும்.

காரைதீவிலிருந்து பொத்துவில் வரை ஊர் விட்டு ஊர் என்பதால் உணவுக்குப் பஞ்சமில்லை. தாகசாந்திப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும், கோயில்களில் அன்னதானமும் கிடைக்கும். இங்குள்ள சிக்கல் நேரம். ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கோயிலின் சோற்றை நம்பி நடந்தால், அங்கு பூசை முடியப் பிந்தலாம். உணவு கைக்கு வந்த பின் ஊசி என்பதே பாதையின் பாதுகாப்பான ஒழுங்கு. மோர் தாகம் தீர்க்கும், தாழ்ந்த சீனியை உடனே தூக்காது. அதற்கு மூன்று நான்கு தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோசுத் தூள் வேண்டும். 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை எடுக்க வேண்டும். ஏறிய பின் பிஸ்கட், வாழைப்பழம் போன்ற ஒன்று அதைத் தாங்கும்.

நேர்த்திக்காக உபவாசம் இருந்து நடப்போருக்கு இடர் இரட்டிப்பாகிறது. காரைதீவின் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களான சாய்ந்தமருது, நிந்தவூர், கல்முனைக்குடி ஆகியவற்றில் ரமழான் மாதத்தில் எழும் கேள்வியும் இதுவே. 13 நாடுகளில் 2001இல் நடந்த எபிடியார் ஆய்வில், முதல் வகை நீரிழிவாளரிடம் கடும் தாழ்சீனி ரமழானில் 4.7 மடங்கு கூடியது தெரியவந்தது. பின்னர் வந்த வழிகாட்டிகள் சீனி 70க்குக் கீழ் இறங்கினால் நோன்பை விட்டுவிடச் சொல்வதோடு, தராவீஹ் தொழுகையையும் உடற்பயிற்சியாகவே கணக்கிடுகின்றன. நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது குர்ஆனே தரும் சலுகை. கதிர்காம நேர்த்தியிலும் நோயாளி உண்டு நடப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

உகந்தையோடு கடைகள் முடிகின்றன. குமுக்கன் ஆறு, வியாழை, கட்டகாமம் என்று போகும் காட்டுவழியில் தண்ணீரை அதிகாரிகளும் தொண்டர்களும் கொண்டுவந்து வைத்தாலும், உணவு தோளில் சுமந்ததுதான். ஐந்தாறு நாளுக்கான குளுக்கோசும் சீனியும் பேரீச்சம்பழமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. பாதி கூட வருபவரிடம் இருக்க வேண்டும். ஊசி, மீற்றர், அளவுப் பட்டி ஆகியவற்றுக்கும் அதே ஏற்பாடு தேவை.

ஆடி மாதத்தில் கச்சான் காற்று அனலாக வீசும். திறந்து பாவிக்கும் இன்சுலின் புட்டியை 30 பாகைக்குக் கீழ், நான்கு வாரத்துக்குள் பயன்படுத்தச் சொல்வது வழக்கமான விதி. கென்யாவின் டகஹலே அகதி முகாமின் வெப்பநிலையைப் பின்பற்றி நடத்தி 2021இல் வெளியான ஆய்வு, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்தும் இன்சுலின் தன் ஆற்றலை இழக்கவில்லை என்று காட்டியது. நேரடி வெயில் மட்டும் படக் கூடாது. நனைத்த துணி சுற்றிய சிறு மண்பானைக்குள் புட்டியை நீர் படாமல் வைத்தால் வெளியைவிடச் சில பாகை குளிர்ச்சி கிடைக்கும்.

வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கும், எல்லோரும் களைப்பார்கள். அதனால் தாழ்சீனியின் முதல் அறிகுறிகள் கூட்டத்தில் மறைந்துவிடுகின்றன. குழறிய பேச்சையும் தள்ளாட்டத்தையும் அருள் வந்ததாகவோ வெயில் மயக்கமாகவோ எண்ணிவிடவும் கூடும். பாதையில் ஒருவரை ஒருவர் சாமி என்றழைத்துச் செல்லும் அடியார்களில் இருவருக்காவது, இந்தச் சாமி ஊசி போடுபவர் என்பதும் சீனி எந்தப் பையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நினைவு இருப்பவருக்கு இனிப்பை வாயில் கொடுக்கலாம். நினைவற்றவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள மருத்துவ முகாமுக்குச் சேர்க்க வேண்டும்.

இரவுத் தங்கலில் படுக்கும் முன் ஒரு முறையும், முடிந்தால் நடுச்சாமத்தில் ஒரு முறையும் சீனியைப் பார்ப்பது, மக்டொனல்ட் கண்ட பிந்திய இறக்கத்துக்குக் காவல். வெறுங்காலைப் பொறுத்தமட்டில் சுசுருதரின் விதியை விட்டுவிட வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதம் சுடுமணலையும் முள்ளையும் அறியாது, சிறு கொப்புளமே விரலை இழக்கும் புண்ணாக மாறலாம். மூடிய செருப்பும், ஒவ்வொரு தங்கலிலும் பாதத்தைக் கழுவித் துடைத்து விரலிடுக்கு வரை பார்ப்பதும் அவசியம்.

கதிர்காமத்தில் நடை நின்றதும் கணக்கு மறுபடி மாறுகிறது. பல நாள் உழைத்த தசை ஓரிரு நாள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும், பின்னர் பழைய நிலைக்குத் திரும்பும். பேருந்தில் ஊர் திரும்பியவர் குறைத்த அளவையே தொடர்ந்தால் சீனி ஏறும், திரும்பிய அன்றே முழு அளவைப் போட்டால் இறங்கும். இரண்டு மூன்று நாள், அளந்து அளந்து, பழைய அளவுக்கு மீள வேண்டும்.